படகுல அடுப்பு: கேஸா, பம்ப் ஸ்டவ்வா? எங்க வைக்கிறது?

மண்டபம் விசை:

வணக்கம் அண்ணன்மாரே. நமக்கு மண்டபம். 46 அடி மரப்படகு, இத்தன வருசமா இழுவலைதான், காலைல டோக்கன் போட்டுப் போனா மறுநாள் காலைல கரை, அதனால சமையல்னு பெருசா ஒண்ணும் இருந்ததில்ல, ஒரு பம்ப் ஸ்டவ்வு, ஒரு டீச்சட்டி, ஒரு சோத்துப்பானை, வலையில வந்ததுல நாலு நண்டோ காரலோ போட்டு ஒரு குழம்பு, அவ்ளோதான். இப்ப வடகடல் (பாக் விரிகுடா) நெலம என்னான்னு உங்களுக்கே தெரியும். ஆழ்கடல் படகு மானியத்த முன்னமே விசாரிச்சு வச்சிருந்தேன், 2017ல திட்டம் வந்தப்ப 80 லட்ச ரூபா படகுக்கு 10 சதம் கைக்காசு, 20 சதம் பேங்க் கடன், மிச்சம் மானியம்னு கணக்கு சொன்னாங்க, கேக்க நல்லாத்தான் இருந்துச்சு, நமக்கு அந்த 30 சதமே மலை. அதான் இருக்கிற படகயே செவுள்வலைக்கும் தூண்டிலுக்கும் மாத்திக்கிட்டு தென்கடல்ல (மன்னார் வளைகுடா) எட்டு பத்து நாள் தங்கலாம்னு முடிவு பண்ணி மீன்பிடி தடைக்காலத்துல கரையில ஏத்தி வச்சிருக்கேன். ஜூன் 14க்குள்ள எல்லா வேலையும் முடியணும்.

எட்டு பேரு, பத்து நாளு, மூணு வேள. பழைய ஸ்டவ்வு தாங்காது. ராம்நாட்ல ஒரு கடைல கண்ணாடி போட்ட மூணு பர்னர் கேஸ் அடுப்பு காட்டுனாங்க, பாக்க அம்சமா இருக்கு. என் ஐடியா என்னன்னா வீல் ஹவுஸ் (படகு ஓட்டுற கேபின்) உள்ள டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி ஒரு பலகை அடிச்சு அது மேல அடுப்பு, கீழ இஞ்சின் ரூம் மூடிப் பக்கத்துல வீட்டு சிலிண்டர் ஒண்ணு, மழை காத்துலருந்து தப்பிச்சிரும்ல. எங்க சித்தப்பாதான் படகுல சமையல், அவரு கேஸுன்னாலே வேணாங்குறாரு, பம்ப் ஸ்டவ்வத் தவிர எதயும் தொடமாட்டேன்னு ஒரே பிடியா நிக்கிறாரு. யாராச்சும் தங்கு கடல் போறவங்க எப்படி வச்சிருக்கீங்கன்னு சொன்னா புண்ணியமாப் போகும். போட்டோ போட்டா இன்னும் நல்லது.

சூரைக்காரன்:

தம்பி முதல்ல அந்த சிலிண்டர இஞ்சின் ரூம் மூடிப் பக்கத்துல வைக்கிற ஐடியாவத் தூக்கிக் கடல்ல போடுங்க. அடுப்பு எதுன்னு அப்புறம் பேசுவோம்.

நான் பதினோரு வருசம் தூண்டில் படகுல பண்டாரியா, அதாவது சமையல்காரனா இருந்தவன். கேஸு காத்த விட கனம். வீட்டுல கசிஞ்சா கதவத் தொறந்து விட்டா வாசப்படி வழியா வெளிய ஓடிரும், படகுல அதுக்கு எங்க வாசப்படி இருக்கு? தண்ணி மாதிரி எறங்கி எறங்கி அடிப்பள்ளத்துல போய் நிக்கும், அங்கதான் உங்க பேட்டரி இருக்கு, செல்ப் மோட்டார் இருக்கு, தண்ணி எறைக்கிற பம்ப்போட சுவிட்சு இருக்கு. காத்துல நூத்துக்கு ரெண்டு பங்கு கேஸு கலந்தாலே பத்திக்கும். நாத்தம் வந்தா தெரியும்லன்னு கேப்பீங்க. கேஸுக்குன்னு தனியா வாசனை கெடயாது, அந்த அழுகின நாத்தம் கம்பெனில கலந்து விடுறது, அது நம்ம மீன் கழிவு நாத்தத்துலயும் டீசல் வாடையிலயும் தனியா தெரியவே தெரியாது. படகுல எல்லார் மூக்கும் செத்துப் போயிருக்கும்.

எங்க படகுல நடந்ததச் சொல்றேன். ரப்பர் டியூப்ப பலகையில ஓட்ட போட்டு உள்ள விட்டிருந்தாங்க, படகு ஆட ஆட அந்த ஓட்டை விளிம்புல ஒரசி ஒரசி ஒரு மாசத்துல தேஞ்சு போச்சு. எனக்கு அன்னைக்குச் சளி, ஒண்ணும் தெரியல. புதுசா வந்த பையன், இன்னும் மூக்கு பழகாதவன், ஐஸ் எடுக்கக் கீழ எறங்குனவன் அண்ணே என்னமோ முட்டை அழுகின மாதிரி நாறுதேன்னான். டிரைவர் அப்பத்தான் இஞ்சின் ஸ்டார்ட் பண்ணக் கைய கொண்டு போறாரு. கத்துன கத்துல நிறுத்துனாரு. லைட்டு சுவிட்சக் கூட தொடல, சிலிண்டர மூடிட்டு எல்லா மூடியையும் தொறந்து போட்டு, சிரிக்காதீங்க, பிளாஸ்டிக் வாளியால கேஸ கோரிக் கோரி வெளிய ஊத்துனோம். கண்ணுக்குத் தெரியாத ஒண்ண ரெண்டு பேரு வாளி வாளியா கடல்ல கொட்டுறத பக்கத்துப் படகுக்காரன் பாத்துட்டு இவனுகளுக்கு வெயில் ஏறிருச்சு போலன்னு நெனச்சிருப்பான். ரெண்டு மணி நேரம் இஞ்சின தொடல.

அதுக்கப்புறமும் நான் கேஸுலதான் சமைச்சேன். எட்டு பேருக்குப் பம்ப் ஸ்டவ்ல மூணு வேள பொங்குறது ஆகுற வேலை இல்ல. ஆனா சிலிண்டர் வீல் ஹவுஸுக்கு வெளிய, தட்டு (படகு மேல்தளம்) மேல, காத்தாட. உள்ள வச்சா மழையிலருந்து சிலிண்டர் தப்பிக்கும், நீங்க தப்பிக்க மாட்டீங்க.

தொண்டி பெருசு:

சித்தப்பா சொல்றதுல ஞாயம் இருக்குன்னு சொல்ல இங்க ஒருத்தனாவது வேணும்ல, அதான் வந்தேன்.

மண்ணெண்ணெய் சிந்துனா சிந்துன எடத்துல கெடக்கும், தொடச்சா போச்சு. கேஸு மாதிரி கள்ளத்தனமா எறங்கி ஒளிஞ்சுக்காது. ஸ்டவ்வு ரிப்பேர் ஆனா நிப்பிள், பின்னு, வாஷர் மூணும் சட்டைப் பையில வச்சுக்கலாம், நடுக்கடல்ல உக்காந்து நாமளே மாட்டலாம். கேஸ் ரெகுலேட்டர் போனா என்னத்த மாட்டுவ? நாப்பது வருசம் பம்ப் ஸ்டவ்லயே சாப்ட்டவன் நான், அதுக்கு முன்னாடி எங்க அய்யா காலத்துல எண்ணெ டின்ன வெட்டி உள்ள மண்ணப் பூசி கருவேலங்கட்டையில பொங்குனாங்க.

ஆனா உண்மையச் சொல்லணும். ஸ்டவ்வு கெடுக்குறது பத்த வைக்கிற நேரத்துலதான். கிண்ணத்துல எண்ணெய ஊத்தி பர்னரு நல்லாச் சூடாகுற வரைக்கும் பொறுக்கணும், அவசரப்பட்டு பம்ப் அடிச்சா எண்ணெ ஆவியாகாம அப்படியே தீயோட ஒரு ஆள் ஒசரம் எந்திரிக்கும். அந்த நேரம் பாத்து ஒரு அலை தட்டுச்சுன்னா கிண்ணத்து எண்ணெ எரிஞ்சுக்கிட்டே தட்டுல ஓடும். என் எடது கை முடி ரெண்டு தடவ போயிருக்கு. இப்ப இன்னொரு கஷ்டம், ரேசன்ல மண்ணெண்ணெய் வாங்கி ஸ்டாக் பண்ற காலமெல்லாம் போச்சு. வெளிய வாங்குறதுல எவன் என்ன கலந்துருக்கான்னு தெரியாது. டீசல் கலந்தா புகைதான், சட்டி கரியாகும். பெட்ரோல் கலந்துட்டான்னா அழுத்தத்துல இருக்கிற டேங்கு, அது அடுப்பில்ல குண்டு.

அதனால தம்பி கேஸ் வச்சாலும் வையி, அந்தப் பழைய ஸ்டவ்வ ஒரு லிட்டர் எண்ணெயோட படகுலயே வச்சுக்க. கேஸு தீந்த அன்னைக்கு சித்தப்பா யாருன்னு தெரியும்.

இன்னொண்ணு, நம்ம ஜில்லா பூரா கருவேலங்கரி மூட்ட மூட்டையாக் கெடைக்குது, செலவே இல்லன்னு கரியடுப்ப ஏத்தி மழைக்கு வீல் ஹவுஸ் உள்ள வச்சுராத. கரிப்பொக கண்ண எரிக்காது, இருமல் வராது, தூக்கம்தான் வரும். அந்தத் தூக்கத்துலயே போய்ச் சேந்தவங்க உண்டு.

பட்டறை உச்சிப்புளி:

அண்ணே நான் பட்டறைக்காரன், படகுக்கு ரெயிலிங், வின்ச் ஸ்டாண்ட், தண்ணி டேங்க் எல்லாம் அடிச்சுக் குடுக்குறேன், அடுப்பு பிட்டிங்கும் கொஞ்சம் பண்ணிருக்கேன். ஒவ்வொண்ணா சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

அந்த கண்ணாடி அடுப்பு வேணவே வேணாம். படகு தட்டுனா ஒரு சோத்துப்பானை ஒரு ஜான் எந்திரிச்சு விழும், கண்ணாடி அங்கயே முடிஞ்சுது. பெயிண்ட் அடிச்ச இரும்பு அடுப்பும் வேணாம், உப்புக் காத்துல ஒரு சீசன் வரும், அப்புறம் அடித்தட்டு பொலபொலன்னு கொட்டும். சில்வர் அடுப்பு, ரெண்டு பர்னர், பித்தள பர்னர், கனமான பான் ஸ்டாண்டு. கடைல காந்தத்த வச்சுப் பாருங்க, நல்லா கப்புன்னு ஒட்டுனா அது சீக்கிரம் துருப் புடிக்கிற ரகம். நாங்க வெல்டிங்குக்கு 304ங்கிற சில்வர் ரகம் போடுறோம், உப்புத் தண்ணி நேராத் தெறிக்கிற எடத்துக்கு 316, அதுல மாலிப்டினம் சேந்துருக்கறதால லேசுல புள்ளி புள்ளியா அரிக்காது, வெலை கூடதான். அடுப்பு முழுக்க 316ல தேடாதீங்க, நம்ம பக்கம் அது ஆகாத காரியம். 304 வாங்கி நல்ல தண்ணியில தொடச்சு வச்சா போதும்.

இப்ப ஆடுற அடுப்பு. யூடியூப்ல வெள்ளக்காரன் பாய்மரப் படகுல அடுப்பு ஊஞ்சல் மாதிரி ஆடுறதப் பாத்துட்டு நெறய பேரு அதே மாதிரி அடிச்சுக் குடுன்னு வர்றாங்க. அவன் படகு மணிக்கணக்கா ஒரே பக்கம் சாஞ்சு ஓடும், அதுக்கு அது சரி. நம்ம படகு வெடுக்கு வெடுக்குனு அடிக்கிறது, அதுலயும் வடகடல் மாதிரி ஆழமில்லாத தண்ணியில அலை குட்டக் குட்டையா வரும், ஊஞ்சல் அடுப்பு அந்த அடிக்குத் தாளம் தப்பி இன்னும் சேத்து ஆடும். அதோட கணக்குத் தெரியாம அடிச்சா ஆபத்து. ஊஞ்சலோட அச்சு பர்னர் மட்டத்துல இருக்கணும், கீழ கனம் கட்டணும். இல்லன்னா வெறும் அடுப்பு அழகா ஆடும், மேல எட்டு பேரு சோத்துப்பானைய ஏத்துன ஒடனே மேல்கனமாகி ஒரே கவுறு. நான் ஒருத்தருக்கு அப்படி அடிச்சுக் குடுத்து அவரு அடுத்த வாரமே திருப்பிக் கொண்டாந்து பட்டறையில எறக்கி வச்சுட்டு ஒண்ணுமே பேசாமப் போனாரு. அதுலருந்து விசைப்படகுக்கு ஊஞ்சல் கேட்டா அடிக்கிறதில்ல.

உங்களுக்கு நான் சொல்றது, அடுப்ப அசையாம போல்ட் போட்டு இறுக்கிட்டு சுத்தியும் மூணு இஞ்ச் ஒசரத்துக்கு சில்வர் கம்பி வேலி, அதுல நகத்துற மாதிரி ரெண்டு குறுக்குக் கம்பி. பானைய வச்சு ரெண்டு பக்கமும் கம்பிய நெருக்கி காது நட்டு போட்டு முறுக்கிட்டா பானை அடுப்போட அடுப்பா நிக்கும். காது நட்டுதான் போடணும், ஸ்பானர் தேடிக்கிட்டு இருக்க முடியாது. அடுப்ப எந்தப் பக்கம் பாக்க வைக்கிறதுன்னு ஒரு விசயம் இருக்கு. படகு அணியம் (முன்பக்கம்) தூக்கிக் குத்துறத விட பக்கவாட்டுலதான் ஜாஸ்தி உருளும். அடுப்புக்கு நேரெதிர நின்னு சமைக்கிறவன் படகோட எடப்பக்கமோ வலப்பக்கமோ பாத்து நின்னா ஒவ்வொரு உருளலுக்கும் குழம்பு அவன் வயித்துக்குத்தான் வரும். அணியத்தப் பாத்தோ பின்பக்கம் பாத்தோ நின்னா சிந்துறது அவனுக்குப் பக்கத்துல சிந்தும். எடமிருந்தா அப்படி வைங்க.

எடம்னு பாத்தா வீல் ஹவுஸ் பின்செவுத்துக்கு வெளிப்பக்கம், மேல கூரை இழுத்து ரெண்டு பக்கம் மட்டும் தகடு அடிச்ச மறப்பு, பின்பக்கம் தொறந்தே இருக்கட்டும். மரச்செவுத்துல நேரா தகடு அடிக்காதீங்க, சூடு தகடு வழியா மரத்துக்குப் போய் உள்ளுக்குள்ளயே கருகும். ஒரு இஞ்ச் புஷ் வச்சு எடவெளி விட்டு அடிக்கணும், காத்து கீழருந்து மேல போகட்டும். பைபர் படகுன்னா இத விட கவனம், ரெசின் பத்துனா அணைக்கிறது ரொம்பக் கஷ்டம்.

சிலிண்டருக்குத் தனிப் பெட்டி. வீல் ஹவுஸ் கதவு, இஞ்சின் ரூம் மூடி, ஐஸ் ரூம் மூடி, சைலன்சர் இது எதுக்கும் பக்கத்துல வராத மூல பாத்து, தட்டுலருந்து நாலு இஞ்ச் தூக்கி, மூடி மேல பாத்து தொறக்குற மாதிரி. அடியில முக்கா இஞ்ச் பைப் வச்சு படகுக்கு வெளிய விடுங்க, பைப்பு நடுவுல எங்கயும் தொங்கி வளையக் கூடாது, வளைஞ்சா அங்க தண்ணி தேங்கி அடைச்சுக்கும், கேஸு எறங்காது. வெளிய வர்ற வாய் தண்ணி மட்டத்துக்கு மேல இருக்கணும், படகுல ஐஸும் டீசலும் ரொப்புன பெறகு இருக்கிற மட்டத்தச் சொல்றேன், கரையில ஏத்தி வச்சுருக்கறப்போ அளந்துராதீங்க. சிலிண்டர் எப்பவும் நட்டமா நிக்கணும், பெல்ட்டு போட்டுக் கட்டுங்க, படுக்க வச்சா கேஸுக்குப் பதிலா திரவமே வந்துரும்.

பெட்டியிலருந்து அடுப்பு வரைக்கும் செம்புக் குழாய். ஏசி மெக்கானிக் கிட்ட கெடைக்கிற சாப்ட் காப்பர்தான், ஜாயிண்ட்டே இல்லாம ஒரே துண்டா, ஒரு அடிக்கு ஒரு கிளிப், கிளிப்புக்குள்ள ரப்பர். பலகைய தாண்டுற எடத்துல ரப்பர் வளையம் கண்டிப்பா, மேல சூரைக்கார அண்ணன் சொன்ன கதை அங்கதான் நடந்துருக்கு. கடைசியில அடுப்புக்கிட்ட மட்டும் ஒண்ணு ஒண்ணரை அடி ஆரஞ்சு ரப்பர் டியூப், ஐஎஸ்ஐ முத்திரை பாத்து வாங்குங்க. டியூப்ல அஞ்சு வருசம்னு தேதி இருக்கும், அது வீட்டுக்கு. படகுக்கு ஒவ்வொரு தடைக்காலத்துக்கும் புதுசு. மாட்டி முடிச்சதும் எல்லா ஜாயிண்ட்லயும் சோப்பு நொர. தீக்குச்சி கிழிச்சுப் பாக்குறவங்க இன்னமும் இருக்காங்க, அவங்க பட்டறைக்கு வந்தா நான் வெளிய போயிருவேன்.

கீழக்கரை கப்பல்:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். பட்டறைத் தம்பி சொன்னதுல ஏறக்குறைய எல்லாம் வந்துருச்சு. நான் கப்பல்ல தலைமைச் சமையல்காரனா இருந்து எறங்குனவன், கப்பல் சமையல்கட்டுல இப்பல்லாம் கரண்டு அடுப்புதான், ஆனா அங்க பழகுன சில விசயம் சின்னப் படகுக்கும் பொருந்தும்.

அடுப்பு வாங்குறப்போ தீ அணைஞ்சா தானா கேஸ மூடுற வால்வு இருக்கான்னு கேளுங்க. பர்னர் பக்கத்துல சின்ன ஊசி மாதிரி நிக்கும், அது சூட்டுல இருக்கற வரைக்கும் வால்வு தொறந்து நிக்கும், தீ அணைஞ்சு ஊசி ஆறுனா அரை நிமிசத்துக்குள்ள மூடிரும். மேஜை மேல வைக்கிற சாதா அடுப்புல இது பெரும்பாலும் வராது, கல்லுல பதிக்கிற ரக அடுப்புல சிலதுல வரும். நம்ம கடல்ல சோழகக் காத்து அடிக்கிற மாசத்துல பர்னர் அணையிறது ஒரு நாளைக்குப் பத்து தடவ நடக்கும், சமைக்கிறவன் வலை வாங்கப் போயிருப்பான், பொங்கி வழிஞ்ச கஞ்சித் தண்ணி தீய அணைச்சுட்டு கேஸு மட்டும் சும்மா வந்துக்கிட்டே இருக்கும். காசு கூடப் போனாலும் இதுக்குப் போகட்டும்.

சிலிண்டர், வீட்டு இணைப்பு 14.2 கிலோவ தொழிலுக்குக் கொண்டு போகக் கூடாது, புடிச்சா பதில் சொல்ல முடியாது. வெளிச்சந்தையில விக்கிற 5 கிலோ சின்ன சிலிண்டர் அடையாள அட்டை காட்டுனா கெடைக்கும், ரெண்டு மூணு வாங்கிக்கங்க. ஒரு பர்னர முழுத் தீயில விட்டா 5 கிலோ ஏறக்குறைய 30 மணி நேரம் வரும். எட்டு பேருக்கு நாளைக்கு நாலு மணி நேரம் பர்னர் எரியும்னு வச்சா ஒண்ணு ஏழெட்டு நாள், ரெண்டு கொண்டு போனா பத்து நாளைக்கு மிச்சம். சின்னது தூக்க லேசு, பெட்டி சின்னதாப் போதும், ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு இருக்கும். 2021ல வந்த பைபர் சுத்துன சிலிண்டர் கெடைச்சா இன்னும் நல்லது, துருப் புடிக்காது, உள்ள எவ்வளவு இருக்குன்னு வெளிச்சத்துல வெளியருந்தே தெரியும்.

கேஸ் அலாரம் ஒண்ணு வாங்கி வீல் ஹவுஸ் உள்ள தரையிலருந்து ஒரு சாண் ஒசரத்துல மாட்டுங்க, கூரையில மாட்டாதீங்க, கேஸு மேல வராது. தீ அணைக்கிற பவுடர் சிலிண்டர அடுப்புக்கு நேர் மேல மாட்டியிருப்பாங்க பாத்துருக்கேன், எரியிற தீய தாண்டி கைய நீட்டியா எடுக்கப் போறீங்க? ஓடி வர்ற வழியில மாட்டுங்க. எண்ணெச் சட்டி பத்துனா தண்ணி ஊத்தாம மூடிய போட்டு மூடி கேஸ அணைங்க, மூடிய கையெட்டுற எடத்துலயே தொங்க விடுங்க.

இன்னொரு பழக்கம். சமைச்சு முடிச்சதும் முதல்ல சிலிண்டர் வால்வ மூடணும், குழாயில மிச்சமிருக்கிற கேஸு எரிஞ்சு தானா அணையட்டும், அப்புறம் அடுப்புக் குமிழ மூடணும். குழாயில ஒண்ணுமே நிக்காது. இத எழுதி ஒட்டுறத விட முதல் பத்து நாள் நீங்களே நின்னு செய்ய வைங்க.

பாம்பன் அக்கா:

ஆம்பளைங்க எல்லாம் குழாயும் பெட்டியும் பேசியாச்சு, சமைக்கிறத பத்தி யாராச்சும் பேசுனீங்களா?

எங்க தம்பி படகுல தீ புடிக்கல, கேஸு கசியல, ஒண்ணும் ஆகல. டீக்கு வச்ச கொதி தண்ணி தொடை பூரா கொட்டிருச்சு. லுங்கிய தொடைக்கு மேல மடிச்சுக் கட்டிக்கிட்டு அடுப்பு முன்னாடி சம்மணம் போட்டு உக்காந்துருந்தான். கரைக்கு வர பதினாலு மணி நேரம், ஐஸ் வைக்கலாமா தண்ணி ஊத்தலாமான்னு கூடத் தெரியாம யாரோ பல்பசைய அப்பி விட்டுருக்காங்க, அத சொரண்டி எடுக்குறதுக்கே ஆஸ்பத்திரியில அவன் அலறுன அலறல். சாதா தண்ணிய பத்து இருபது நிமிசம் ஊத்திக்கிட்டே இருங்க, வேற எதயும் பூசாதீங்க, ஐஸும் வைக்காதீங்க. படகுல அதிகம் நடக்குறது இந்தக் காயம்தான். அதனால சமைக்கிறவரு முழுக்கால் பேண்ட்டு போடட்டும், உக்காந்து சமைக்கிற மாதிரி அடுப்ப வைக்காதீங்க, நின்னு சமைச்சாதான் ஒதுங்க முடியும். இடுப்புக்கு ஒரு பட்டை வாரு கட்டுற கொக்கி ரெண்டு பக்கமும் அடிச்சுக் குடுங்க, ரெண்டு கையும் வேலைக்கு வரும். ஆனா அடுப்புக்கு நேரா முன்னாடி கம்பியோட சேத்துக் கட்டிராதீங்க, சிந்துனா நகர முடியாம போயிரும்.

பாத்திரம், அகலமான சட்டிய வீட்டுல வச்சுட்டுப் போங்க. ஒசரமான பானை, அரைக்கு மேல ரொப்பாதீங்க. சோத்துக்கும் பருப்புக்கும் குக்கர் மாதிரி படகுக்கு வேற எதுவும் கெடயாது, மூடி பூட்டியிருக்கு, கவுந்தாலும் அவ்வளவாக் கொட்டாது, கேஸும் கம்மி, தண்ணியும் கம்மி. பத்து லிட்டர் குக்கர் ஒண்ணு, அஞ்சு லிட்டர் ஒண்ணு. விசில் அடைச்சுக்காம உப்பு தொடைக்கணும். அரிசிய ரெண்டு தடவ கடல் தண்ணியில களைஞ்சுட்டு கடைசித் தடவ மட்டும் நல்ல தண்ணி. புளிய வீட்டுலயே கரைச்சுக் கெட்டியாக் காய்ச்சி பாட்டில்ல குடுத்து விடுங்க, மசாலாவும் அரைச்சே குடுத்து விடுங்க, அப்ப மீன் குழம்பு கால் மணி நேர வேலை. பொரியல் வேணாம்னு சொன்னா கேக்க மாட்டீங்க, கரையில கட்டி நிக்கிறப்ப பொரிச்சுக்கங்க, ஓடுற படகுல எண்ணெ சட்டி வேணாம்.

சின்னவன் ஏர்வாடி:

அண்ணே இதெல்லாம் விட்டுட்டு இன்டக்சன் வச்சா என்ன? தீயே இல்ல, கேஸே இல்ல.

பட்டறை உச்சிப்புளி:

தம்பி 2000 வாட் இன்டக்சன 12 வோல்ட் பேட்டரியில ஓட்டுனா 167 ஆம்ப் இழுக்கும், இன்வெர்ட்டர் தின்னுறது தனி. உங்க படகு பேட்டரி ஒரு பானை சோறு வேகுறதுக்குள்ள படுத்துரும், அப்புறம் இஞ்சின எத வச்சு ஸ்டார்ட் பண்ணுவீங்க, வயர்லெஸ் எதுல ஓடும்? ஜெனரேட்டர் வச்ச பெரிய படகுக்குச் சரி. டீசல்ல எரியிற அடுப்பும் இருக்கு, பின்லாந்து கம்பெனி வாலஸ் போடுது, குளிர் ஊருக்கு அறையும் சூடாகும் சமையலும் ஆகும். நம்ம ஊரு மே மாசத்துல அத வீல் ஹவுஸ்ல வச்சா சோத்தோட டிரைவரும் வெந்துருவாரு.

மண்டபம் விசை:

அண்ணன்மாரே அக்கா எல்லாருக்கும் ரொம்ப நன்றி. எழுதி நாளாச்சு, வேலை முடியட்டும்னு இருந்தேன்.

கண்ணாடி அடுப்ப விட்டுட்டேன். சில்வர் ரெண்டு பர்னர், தானா மூடுற வால்வு உள்ளது மதுரையிலதான் கெடைச்சுது. வீல் ஹவுஸுக்குப் பின்னாடி வெளிய, ஒரு இஞ்ச் எடவெளி விட்டுத் தகடு, மூணு இஞ்ச் வேலி, காது நட்டு. 5 கிலோ சிலிண்டர் ரெண்டுக்கு வலப்பக்கப் பின்மூலயில பெட்டி. பட்டறை அண்ணன் சொன்ன மாதிரி ஐஸ் டீசல் கணக்கு பாத்துதான் பைப் வாய அளந்தேன், நல்ல வேளை, முதல்ல குறிச்ச எடம் லோடு ஏறுனா தண்ணிக்குள்ள போயிருக்கும். சோப்பு நொர போட்டுப் பாத்ததுல செம்புக் குழாயோட ரெண்டு முனை ஜாயிண்ட்டும் சரி, ரெகுலேட்டர் வாயிலதான் பொட்டுப் பொட்டா வந்துச்சு, புது ரெகுலேட்டர்! கடைக்காரன் முதல்ல ஒத்துக்கல, அவன் முன்னாடியே நொரையப் பூசிக் காட்டுனதும் மாத்திக் குடுத்தான். பாம்பன் அக்கா சொன்ன இடுப்பு வாரு கொக்கி அடிச்சாச்சு, ரெண்டும் பக்கவாட்டுலதான். புளிக்காய்ச்சல் வீட்டுல ரெடியாகுது.

ஒரு சந்தேகம், ஐஸ் ரூம் மூடி பெட்டியிலருந்து ஆறடி தள்ளி இருக்கு, அது போதுமா?

சூரைக்காரன்:

பெட்டி அடிப் பைப்பு வெளிய விட்டிருந்தா போதும். சிலிண்டர் மாத்துற நேரத்துல மட்டும் ஐஸ் ரூம் மூடிய சாத்தி வைங்க, இஞ்சினும் நிக்கட்டும், பீடியும் அணையட்டும். சித்தப்பா என்ன சொல்றாரு?

மண்டபம் விசை:

படகத் துறையில கட்டி வச்சு முதல் டீ அவரு கையாலதான் போட வச்சேன். சிலிண்டர மூடிட்டுக் குழாய் கேஸு தீர்ற வரைக்கும் எரிய விடுறத ஒரு தடவ சொன்னதும் புடிச்சுக்கிட்டாரு. டீய குடிச்சுட்டு அடுப்பு பொஸ்ஸுனு சத்தமே போட மாட்டேங்குதே, எரியிதா அணைஞ்சுதான்னு குனிஞ்சு குனிஞ்சு பாக்க வேண்டிருக்குன்னு கொறப்பட்டாரு. பழைய ஸ்டவ்வையும் தொண்டி அய்யா சொன்ன ஒரு லிட்டர் எண்ணெயையும் துணியில சுத்தி அவரு பெட்டிக்குள்ள வச்சுக்கிட்டாரு, யாரும் தொடக்கூடாதாம்.